தையல் மெஷினுக்கு மனுப் போட்ட கதை

கேட்டு வாங்குவது எனக்கு வராது. உப்புத் தீர்ந்துபோனால் அடுத்த வீட்டு வாசல்வரை போய், கேட்காமலே திரும்பி வந்து, உப்பில்லாத கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறேன். சண்டை போடச் சொன்னால் போடுவேன். எனக்கு வாய் நீளம் என்று லயம் முழுக்க, எங்கள் தோட்டத்து வீட்டு வரிசை முழுக்கப் பெயர். அப்படிப்பட்டவள், ஜொகூர் பாருவில் முகம்கூடத் தெரியாத ஒரு தரும நிதிக்கு, தையல் மெஷின் ஒன்று கொடுங்கள் என்று மனுப் போட்டேன். வேறு வழி ஒன்று இருந்திருந்தால் போட்டிருக்க மாட்டேன்.

ரப்பர் விலை விழுந்து கிடந்த வருஷங்கள் அவை. எங்கள் தோட்டம் மலாயாவில், உலு திராமுக்கு உள்ளே இருந்தது. கோத்தா திங்கி போகிற பெரிய ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, செம்மண் பாதையில் நடந்து வரவேண்டும். விடியற்காலைப் பெரட்டில் நாங்கள் வரிசையாக நிற்க, கணக்கெழுதுகிற கிராணி பேர் கூப்பிடுவார். கூப்பிடாத பேருக்கு அன்று வேலை இல்லை. தொடர்ந்து சில நாள் கூப்பிடவில்லை என்றால் இனி எப்போதுமே இல்லை என்று நாமே புரிந்துகொள்ள வேண்டியதுதான். அப்படிக் கழிந்தவர்களைச் சேர்த்துக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். டிக்கெட் இலவசம். வருகிறபோதும் இலவசமாகத்தான் கூட்டிவந்தார்கள், போகிறபோதும் அப்படியே அனுப்புகிறார்கள், இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது என்று கிராணி கேட்பார். நல்ல மனுஷர்தான், ஆனால் இப்படி ஏதாவது சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வார்.

அந்த மழைக்காலத்தில் என் வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். மகள் அப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியிருந்தாள். அவர் போன கொஞ்ச நாளிலேயே பெரட்டில் என் பேரும் நின்றுபோனது. ஆம்பளை இல்லாத வீட்டை முதலில் கழிப்பது துரைக்குச் சுலபம்.

ஊருக்குப் போவதில் உனக்கு என்ன கஷ்டம் என்று கேட்டவர்கள் உண்டு. அவரும் நானும் வேறு வேறு சாதி. தோட்டத்தில் அதைப் பற்றி நாலு நாள் பேசினார்கள், பிறகு மறந்துவிட்டார்கள். மாரியம்மன் கோயில் வாசலில் மாலை மாற்றிக்கொண்டோம், லயத்தில் ஒரு வீடு கிடைத்தது, அவ்வளவுதான். ஊர் அப்படி மறக்கவில்லை. அவர் உயிரோடு இருக்கும்போதே அவருடைய அப்பா மகனுக்குத் தலைமுழுகிவிட்டார். என் அண்ணன், இந்தப் பக்கம் வந்தால் வெட்டிப் போடுவேன் என்று கப்பலில் வந்த ஊர்க்காரர் ஒருவரிடம் சொல்லியனுப்பினான். சொன்னதைச் செய்கிறவன் அவன். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் எந்த வாசலில் போய் இறங்குவது? பேர் கூப்பிடாத நாளெல்லாம் எனக்கு வயிற்றுக்குள் இந்த ஒரு பயம்தான். பசியைக்கூட அது அடக்கிவிட்டது.

கிராணிதான் ஒரு வழி சொன்னார். ஆள் போய்ப் போய் லயத்தில் பாதி வீடு காலி. துரையிடம் அவர் பேசிப் பார்த்ததில், சொந்தமாக ஏதாவது தொழில் செய்து பிழைக்கிறவளாக இருந்தால் வீட்டை அவளிடமே விட்டு வைக்கலாம், சோற்றுக்கு வழியில்லாதவளாக இருந்தால் அடுத்த கப்பல் என்று துரை சொல்லியிருந்தார். எனக்குத் தெரிந்த தொழில் தையல். லயத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் கையாலேயே சட்டை தைத்துக் கொடுப்பேன். கையால் தைத்தால் ஒரு சட்டைக்கு ஒரு பொழுது போய்விடும். அதை வைத்து இரண்டு வயிறு நிறையாது. மெஷின் இருந்தால் அக்கம்பக்கத்துத் தோட்டத்துக்கெல்லாம் தைக்கலாம். ஆனால் மெஷினுக்கு நான் எங்கே போவேன்?

சைக்கிளில் துணி மூட்டையை வைத்துக்கொண்டு லயம் லயமாக வியாபாரத்துக்கு வருகிற பாய் ஒருவர் அதற்குப் பதில் வைத்திருந்தார். ஜொகூர் பாருவில் ஜவுளிக் கடை வைத்திருந்த ஒரு முதலாளி, தமிழ்நாட்டுக் கடற்கரை ஊரிலிருந்து வந்தவர், பிள்ளை இல்லாமல் இறந்துபோனாராம். அவருடைய தாய் சின்ன வயதிலேயே புருஷனை இழந்து, ஊசியும் நூலுமாக இருந்து அவரை ஆளாக்கியவள். அந்த நினைப்பில், புருஷன் இல்லாத பெண்களுக்கு, எந்த மதமானாலும் சரி, வருஷத்துக்கு ஒரு தையல் மெஷின் கொடுக்கச் சொல்லி ஒரு தரும நிதி எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மனுப் போடவேண்டும். தையல் தெரியும் என்பதற்குத் தைத்த துணி ஒன்றை அனுப்பவேண்டும். அதன்பிறகு ஆள் வந்து வீட்டைப் பார்த்து, உண்மையிலேயே இல்லாதவள்தானா என்று தெரிந்துகொண்டு முடிவு சொல்வார்கள்.

கிராணி மனு எழுத உட்கார்ந்தார். முதல் வரியிலேயே, தங்கள் பொற்பாதங்களில் விழுந்து வணங்கும் அபலை என்று ஆரம்பித்தார். எனக்குச் சுருக்கென்றது. நான் யார் காலிலும் விழுந்ததில்லை, அதை அடியுங்கள் என்றேன். எழுத்திலே விழுந்தால் போதும், நேரிலே விழவேண்டியதில்லை, அதுதான் மனுவில் உள்ள சௌகரியம் என்றார் அவர். வாதாடி வாதாடி, கடைசியில் பொற்பாதம் போய், தங்கள் சமூகத்துக்கு என்று ஆனது. அபலை மட்டும் நின்றுவிட்டது. அது பொய்யில்லையே என்று நானும் விட்டுவிட்டேன்.

மாதிரிக்கு அனுப்பப் புதுத்துணி இல்லை. என் வீட்டுக்காரருடைய வேட்டி ஒன்று மிச்சமிருந்தது. கரை கிழிந்து போயிருந்தாலும் நடுப்பாகம் நன்றாக இருந்தது. கத்தரியை எடுத்து வைத்துக்கொண்டு அதை வெட்டுவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஒரு குழந்தைச் சட்டை தைத்து, கழுத்தைச் சுற்றிச் சங்கிலித் தையல் போட்டு, மனுவோடு சேர்த்து அனுப்பினேன்.

பதில் வருமென்று நான் நம்பவில்லை. வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலைப் பஸ்ஸில் ஆள் வருகிறார், பெரிய ரோட்டில் வந்து கூட்டிப்போகவும் என்று கிராணி வாசித்துச் சொன்னார். அன்று மாலைக்குள் லயத்தில் அது தெரியாத ஆள் இல்லை.

இங்கே எங்கள் லயத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். வெளியாட்கள் வந்து எங்கள் வீட்டைப் பார்ப்பதென்றால், அது பெண் பார்க்க வருவதுதான். வேறு யார் எங்கள் வீட்டைப் பார்க்க வருவார்கள்? அப்படி வரும்போது, எந்த வீட்டுப் பெண்ணாக இருந்தாலும் லயத்தில் உள்ள நல்ல சாமான்களெல்லாம் அந்த வீட்டுக்குப் போய்விடும். எங்களை வேலை வாங்குகிற மண்டோர் வீட்டில் ஒரு நாற்காலி இருந்தது. நடு வீட்டில் தனியாக இருந்த ஒரு பெரியம்மாவிடம் குத்துவிளக்கு இருந்தது. அவரும் என்னைப் போலப் புருஷனை இழந்தவர். கடைசி வீட்டு அக்காவிடம் சுவர்க் கடிகாரம். அது ஓடாது, ஆனால் பார்க்க லட்சணமாக இருக்கும். ஒருத்தி வீட்டு ஜமுக்காளம், ஒருத்தி வீட்டு வெண்கலப் பானை, ஒருத்தி வீட்டுப் பித்தளைக் குடம். மாப்பிள்ளை வீட்டார் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அந்தக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள். இரவல் என்று அவர்களுக்கும் தெரியும், அவர்களுடைய தோட்டத்திலும் இப்படித்தானே. ஆனால் ஒருவரும் கேட்கமாட்டார்கள், ஒருவரும் சொல்லமாட்டார்கள். இரவலை இரவல் என்று வந்தவர் முன்னால் சொல்வதைப் போலக் கேவலம் எங்களிடம் வேறு இல்லை. கொடுத்தவளையும் வாங்கினவளையும் சேர்த்து அவமானப்படுத்தியது போல ஆகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளனவே மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பெரிய ரோட்டுக்குப் போய்விட்டேன். இருந்த இரண்டு சேலையில் கிழியாத பக்கம் அதிகம் உள்ளதாகப் பார்த்துக் கட்டியிருந்தேன். பஸ்ஸிலிருந்து ஒருவர்தான் இறங்கினார். ஐம்பது வயதிருக்கும். கைலி, வெள்ளைச் சட்டை, தொப்பி, கையில் குடை, தோளில் ஒரு துணிப்பை. இறந்துபோன முதலாளியின் கடையில் இருந்தவராம், இப்போது நிதியைப் பார்த்துக்கொள்கிறார். என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தார். நடக்கும்போது, சொந்தக்காரர் யார், எப்போது தைக்கப் பழகினாய் என்று நறுக்கென்று கேட்டுக்கொண்டு வந்தார். சிரிக்கவே இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது. சிரித்துக்கொண்டே தருமம் செய்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பயம்.

வீட்டு வாசலுக்கு வந்து உள்ளே பார்த்தேன்.

நான் விட்டுவிட்டுப் போன வீடு அங்கே இல்லை. நடுவில் மண்டோர் வீட்டு நாற்காலி. சுவரில் கடிகாரம். மூலையில் குத்துவிளக்கு, துடைத்து எண்ணெய் விட்டு ஏற்றியிருந்தார்கள். தரையில் ஜமுக்காளம், அடுப்போரம் வெண்கலப் பானை, பித்தளைக் குடம், நான் கண்ணால்கூடப் பார்த்திராத ஒரு பூப்போட்ட தட்டு. கோழிக் குழம்பு மணந்தது. பெண்கள் எல்லோரும் வெளியே சுவரோரம் வரிசையாக, தலையை வாரி முடித்து நின்றார்கள். அவர்கள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் திரும்பி வருவதற்குள் எப்படி முடித்துவிட்டோம் பார்த்தாயா என்று கண்ணாலேயே என்னிடம் சொன்னார்கள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது என்பது அவர்களில் ஒருத்திக்கும் தெரியவில்லை.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். சுற்றிலும் நிதானமாகப் பார்த்தார். கடைசி வீட்டு அக்கா முன்னால் வந்து, தயங்காமல் சாப்பிடலாம், பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்திலிருந்து ஆளைக் கூட்டிவந்து அவர் கையாலேயே கோழியை அறுத்திருக்கிறோம் என்று பெருமையாகச் சொன்னார். வந்தவர் இரண்டு வாய் சாப்பிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இதெல்லாம் உங்களோடதாம்மா?"

வாய் நீளம் என்று பேர் எடுத்தவள் நான். தண்ணீர்க் குழாயடியில் மண்டோரையே வாயடைக்க வைத்தவள். அந்த இடத்தில் எனக்கு ஒரு சொல் வரவில்லை. இல்லை என்று சொன்னால் வெளியே நிற்கிற அத்தனை பேர் முகத்திலும் கரியைப் பூசியதாகும். அவர்கள் தங்கள் வீட்டை வெறுமையாக்கிவிட்டு என் வீட்டை நிறைத்திருக்கிறார்கள். ஆமாம் என்று சொன்னால் மெஷின் போய்விடும், மகளைத் தூக்கிக்கொண்டு கப்பலேற வேண்டியதுதான். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். மகள் போய் அந்தப் பித்தளைக் குடத்தைத் தட்டித் தட்டி விளையாடினாள்.

அவர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். இதைவிட இல்லாதவர்கள் இருக்கிறார்கள், ஆண்டவன் உங்களை நல்லபடியாகத்தான் வைத்திருக்கிறான் என்று சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது பதிலுக்கு நான் ஏதாவது பேசியிருப்பேன். வழி தெரியும், கூட வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியாக நடந்துபோனார்.

அவர் தலை மறைந்ததும் எனக்கு வாய் திரும்பி வந்தது. என்ன பேசினேன் என்று சொன்னால் காது கூசும். என் குடியைக் கெடுத்துவிட்டீர்களே என்று கத்தினேன். அவர் ஒன்றுமில்லாதவளைப் பார்க்க வந்தவர், நீங்கள் ஒரு மிராசுதாரியைக் காட்டிவிட்டீர்கள் என்றேன். அவர்களுக்கு அது விளங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. வந்தவர் முன்னால் வீட்டை நிறைத்து வைப்பது எப்படித் தப்பாகும்? பிறகு ஒவ்வொரு முகமாக வாடியது. பெரியம்மா மட்டும் உள்ளே போய், விளக்கை ஊதி அணைத்து, எண்ணெயைக் கொட்டிவிட்டு, அதை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"பஸ்ஸு வர்றதுக்கு நேரமிருக்கு," என்றார். "அவங்கவங்க சாமானை எடுங்க."

கடைசி வீட்டு அக்காவுக்கும் எனக்கும் தண்ணீர்க் குழாயில் தொடங்கிய சண்டை வருஷக்கணக்காக நடந்துகொண்டிருந்தது. அவர்தான் முதலில் போய்க் கடிகாரத்தைக் கழற்றினார். மண்டோர் பெண்சாதி நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். குடமும் பானையும் ஜமுக்காளமும் இடுப்பிலும் தோளிலுமாக ஏறின. வேண்டாம், மானம் போகட்டும், என்னோடு போகட்டும் என்று மகளைத் தூக்கிக்கொண்டு நான் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. செம்மண் பாதையில், ரப்பர் மரங்களுக்கு நடுவே, ஒருவர் பின் ஒருவராக அவர்கள் சாமான்களோடு நடந்துபோனது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. சாமி ஊர்வலத்துக்கு முன்னால் சீர் கொண்டு போவது போல இருந்தது.

அவர் ரோட்டோரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். இந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் ஒன்றும் புரியாமல் ஓர் அடி பின்வாங்கினார். அக்கா அவர் எதிரில் போய்க் கடிகாரத்தை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார்.

"பாய், இது என்னுது. இது ஓடாது. எங்க வீட்டுல பாக்கிற மாதிரி இருக்கிற சாமான் இது ஒண்ணுதான்."

பிறகு ஒவ்வொருத்தியும் தன் சாமானை அவர் முன்னால் ரோட்டோரத்தில் இறக்கி வைத்து, தன்னுடையது என்று சொன்னாள். எங்கள் லயத்தில் யாரும் அதுவரை சொன்னதே இல்லாத பேச்சு அது. சொல்லும்போது ஒருத்தியாலும் தலையை நிமிர்த்த முடியவில்லை. நாற்காலியை இறக்கி வைத்த மண்டோர் பெண்சாதி அழுதேவிட்டார். கடைசியாகப் பெரியம்மா.

"பொண்ணு பாக்க வர்ற வீட்டுக்கு இப்படிக் குடுக்கிறது எங்க வழக்கம். நீங்க வர்றீங்கன்னதும் எங்களுக்கு வேற எப்படிச் செய்யறதுன்னு தெரியல, பாய்."

அவர் அந்தச் சாமான்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு முழு லயத்தின் சொத்து அங்கே ரோட்டோரத்தில், ஒரு சின்ன அறைக்குள் அடங்குகிற அளவில் கிடந்தது. அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வீடு நிறைய சாமான் இருக்கு, நீங்க மட்டும் கிழிஞ்ச சேலையில வந்து நின்னீங்க. சேலைதான் வேஷம்னு நெனச்சேன். அதுலதான் எனக்கு மனசு விட்டுப்போச்சு."

உண்மையாக இருந்த அந்த ஒன்றுதான் அவர் கண்ணுக்குப் பொய்யாகத் தெரிந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகை என்று அப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன்.

உங்களுடையது என்று அந்த வீட்டில் என்னதான் இருக்கிறது என்று கேட்டார். ஒரு சட்டி, ஒரு பானை, ஒரு ஊசி டப்பா, இந்தப் பிள்ளை என்றேன். அவர் தோளில் இருந்த பையிலிருந்து நான் அனுப்பிய சட்டையை எடுத்தார். இதற்குத் துணி ஏது என்று கேட்டார். என் வீட்டுக்காரருடைய வேட்டி என்று சொன்னேன். சட்டையை என் மகளிடம் நீட்டினார். அவள் அதைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டாள்.

பஸ் சத்தம் கேட்டது. அவர் பெண்களைப் பார்த்துத் தணிந்த குரலில் சொன்னார்.

"மெஷின் ஒண்ணுதான் இருக்கு. இங்க கஷ்டம் எல்லாருக்கும் ஒண்ணாத்தான் தெரியுது."

பெரியம்மாதான் பதில் சொன்னார்.

"ஒண்ணு போதும், அவளுக்கே குடுங்க. எங்களுக்குப் போறதுக்கு ஒரு ஊராவது இருக்கு."

அவர் தருகிறேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். நாங்கள் சாமான்களைத் தூக்கிக்கொண்டு திரும்பினோம். வழியில் அக்கா ஒரு இடத்தில் நின்று, என் மகளைக் கேட்காமலே வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு, கடிகாரத்தை என்னிடம் கொடுத்தார். எங்கள் குழாயடிச் சண்டை அன்றோடு முடிந்தது என்று சொல்ல ஆசைதான். முடியவில்லை. கொஞ்சம் குறைந்தது.

அடுத்த மாதம் சாமான் ஏற்றி வந்த லாரியில் மெஷின் வந்து இறங்கியது. கறுப்பு மெஷின், கையால் சுற்றுவது, மரப் பெட்டி மூடி போட்டது. கூடவே கட்டளையும் வந்தது. மெஷின் நிதியின் சொத்து. விற்கக்கூடாது, அடகு வைக்கக்கூடாது, வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது. எப்போது வேண்டுமானாலும் சொல்லாமல் வந்து பார்ப்போம், வீட்டில் இல்லையென்றால் திரும்ப எடுத்துக்கொள்வோம். சம்மதம் என்று கிராணி எழுத, கீழே நான் என் பேரை எழுதினேன். பேரை எழுதக் கற்றுக்கொடுத்த என் வீட்டுக்காரர் அதைப் பார்க்க இல்லை. துரை சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வீடு என்னிடமே இருந்தது.

பெரியம்மாவின் பேர் பெரட்டில் நின்றுபோனது அதற்குப் பிறகுதான். அவருக்கு இருந்த ஊர் எப்படிப்பட்ட ஊர் என்று போகும் அன்றைக்குத்தான் தெரிந்தது. தம்பி மகன் ஒருவன், அதுவும் முகம் பார்த்ததில்லை. எனக்காக இல்லாத ஊரை இருக்கிறது என்று ரோட்டோரத்தில் சொல்லியிருக்கிறார். துணி மூட்டையோடு லாரியில் ஏறுமுன் குத்துவிளக்கை என் கையில் கொடுத்தார். இரவல் இல்லை, இனி நீயே வைத்துக்கொள், யார் வீட்டுக்குக் கேட்டாலும் இல்லையென்று சொல்லாதே என்றார். நான் காலில் விழுந்தேன். மனுவில் விழமாட்டேன் என்று கிராணியோடு சண்டை போட்டவள், அந்த மண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். அவர் போய்ச் சேர்ந்தாரா, அந்தத் தம்பி மகன் கதவைத் திறந்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறு வருஷம் கடைசி வீட்டு அக்காவின் மூத்த மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். நாற்காலி போனது, ஜமுக்காளம் போனது, விளக்கு போனது. அக்கா என் வாசலில் வந்து நின்று, ஒன்றும் கேட்காமல் மெஷினைப் பார்த்தார். தையல் மெஷின் இருக்கிற வீட்டுப் பெண் என்றால் மதிப்பே வேறு. கட்டளை எனக்கு மறக்கவில்லை. ஆனால் ஓடாத கடிகாரத்தை ரோட்டோரத்தில் தூக்கிப் பிடித்த கையும் எனக்கு மறக்கவில்லை. நானே தூக்கிக்கொண்டு போய் அக்கா வீட்டில் சுவரோரம் வைத்து, பெட்டி மூடியைத் துடைத்தேன்.

சொல்லி வைத்தது போல அன்றைக்குத்தான் அந்த நிதிக்காரர் வந்தார். அதே கைலி, அதே குடை. நான் என் வாசலில் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் எதிரில் நிற்கிறார். உள்ளே எட்டிப் பார்த்தார். மெஷின் இருந்த இடம் காலியாக இருந்தது. எங்கே என்று கேட்டார். கடைசி வீட்டின் பக்கம் கையைக் காட்டினேன். அவர் திரும்பி அங்கே நடந்தார். மகளைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். கப்பல், அண்ணன், ஊர்த்தெரு எல்லாம் அந்தப் பத்து வீட்டுத் தூரத்தில் என் கண் முன்னால் வந்து போயின.

உள்ளே மாப்பிள்ளை வீட்டார் நிறைந்து உட்கார்ந்திருந்தார்கள். வெற்றிலைத் தட்டு, வாழைப்பழம், ஏற்றிய விளக்கு. பெண் தலையைக் குனிந்து நின்றாள். வாசலில் ஒரு பெரிய மனிதர் வந்து நிற்கவும் பேச்சு நின்றது. அக்கா அவரைப் பார்த்ததும் வெளிறிப்போனார். மாப்பிள்ளையின் மாமா தோட்டத்து ஆள் இல்லை, டவுனில் இருப்பவர், எங்கள் வழக்கத்தைத் தாண்டிப் பேசுகிறவர் போலிருக்கிறது. மெஷினைக் காட்டி, இது யாருடையது என்று வாய்விட்டே கேட்டுவிட்டார். அக்கா என்னைப் பார்த்தார். நான் நிதிக்காரரைப் பார்த்தேன்.

அவர் குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தார். விளக்கைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், சுவரில் ஓடாமல் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்தார்.

"இந்த வீட்டுதுதான்," என்றார். "ஜொகூர்லருந்து நான்தான் அனுப்பி வச்சேன்."

வெற்றிலையை ஒன்று எடுத்துக்கொண்டு, உட்காரச் சொன்னவர்களுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். லயத்துக் கோடிவரை நான் கூடப் போனேன். அங்கே நின்று கேட்டார்.

"சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுமாம்மா?"

"வந்துடும் பாய்."

"அப்ப சரி."

கைலியில் ஒட்டிய செம்மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு அவர் ரோட்டைப் பார்த்து நடந்தார். நான் திரும்பி வந்து, சுவரோரம் நின்ற பெண்களோடு போய் நின்றுகொண்டேன். என் மெஷினை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறவளைப் போல, உள்ளே எட்டிப் பார்த்தேன்.